உங்களுக்குத் தெரியுமா? சிலிண்டரில் இன்னும் எத்தனை கிலோ?

கள்ளக்குறிச்சி டவுனில் கேஸ் தீர்ந்துபோனால் ஒரு வேளைச் சமையல் தள்ளிப்போகும். பக்கத்து வீட்டில் கூடுதல் சிலிண்டர் இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை. கல்வராயன்மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகும் ஊர்களில் நிலைமை வேறு. ஒற்றை சிலிண்டர் வைத்திருக்கும் வீட்டில் அது தீர்ந்தால், அடுத்தது வந்து சேரும்வரை விறகடுப்புதான். ஒதுக்கி வைத்த அடுப்பு மறுபடி புகைய ஆரம்பிக்கும். "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்ற கேள்வியை வைத்தே இந்த வாரத் துணுக்குகள். இதைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் சொல்கிறார்கள். அவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில ஆபத்து.

எண் சிலிண்டரிலேயே இருக்கிறது

வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டரில் நிரப்பப்படும் கேஸ் 14.2 கிலோ. இது எல்லோருக்கும் தெரியும். வெறும் சிலிண்டரின் எடை எவ்வளவு? பெரும்பாலும் 15 கிலோவிலிருந்து 17 கிலோவுக்குள் இருக்கும். ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் அதன் சொந்த எடை, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டையில் எழுதப்பட்டிருக்கும். இதை 'டேர் வெயிட்' என்பார்கள்.

உங்கள் சிலிண்டரில் 15.9 என்று இருக்கிறது, தராசில் வைத்தால் 22.1 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 6.2 கிலோ கேஸ். இந்தக் கழித்தல் கணக்கைவிட நம்பகமான வழி வேறு எதுவும் கிடையாது. விலை உயர்ந்த கருவிகள்கூட உள்ளே இதே கணக்கைத்தான் போடுகின்றன.

அதே பட்டையில் இன்னொரு குறியும் உண்டு

ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் என்பது ஆண்டு. 'சி 27' என்றிருந்தால், 2027 செப்டம்பருக்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள். மலைக்கு வந்து சேர்ந்ததே பெரிது என்று இதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டிலேயே எடை பார்க்க முடியுமா?

முடியும். உடல் எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷின் போதும். அது 150 கிலோவுக்கு மேல் தாங்கும். முழு சிலிண்டரே 30 கிலோ சுற்றித்தான் வரும். மெஷினின் கண்ணாடித் தட்டில் சிலிண்டரின் இரும்பு அடிவளையத்தை அப்படியே வைக்காமல் ஒரு பலகை போட்டு வையுங்கள். பலகையின் எடையை முதலில் தனியாகப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

முறை முக்கியம். அடுப்பை அணையுங்கள். பக்கத்தில் விறகடுப்போ விளக்கோ எரியக்கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வில் பாதுகாப்பு மூடியை மாட்டுங்கள். ரெகுலேட்டரும் டியூபும் தொங்கிக்கொண்டிருந்தால் எடை சரியாக வராது. தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். எடை பார்த்த பிறகு ரெகுலேட்டரை மாட்டி, வால்வைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி, கொப்புளம் வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதை யார் செய்தாலும் தடுங்கள்.

மெஷின் இல்லாத வீடுகளுக்கும் வழி உண்டு. கல்வராயன்மலையில் மரவள்ளியும் கடுக்காயும் புளியும் எடைக்கு வாங்கும் வியாபாரிகளிடம் தராசு இருக்கிறது. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்கி வைத்துக்கொண்டாலும் பல வருடம் உழைக்கும்.

பிரஷர் மீட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

கடையில் வட்டமான முள் மீட்டர் வைத்த கருவி ஒன்று விற்கிறார்கள். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்டினால், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அளவைக் காட்டும் என்பார்கள். மாதம் முழுக்கப் பச்சையிலேயே நின்றுவிட்டு, கடைசி நாளில் திடீரென்று சிவப்புக்குப் போகும். மீட்டர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில் பழுதில்லை. அந்த மீட்டர் வேறொன்றை அளக்கிறது.

நம் சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறது, திரவத்துக்கு மேலே ஆவி. நாம் எரிப்பது அந்த ஆவியை. ஆவி குறையக் குறையத் திரவம் கொதித்து, அந்த இடத்தை நிரப்பிவிடும். எனவே உள்ளே 12 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. சித்திரை மாதம் சின்னசேலத்தில் நடுப்பகலில் முள் ஏறும். மார்கழி விடியற்காலையில் மலைமேல் கரியாலூரில் அதே அளவு கேஸ் உள்ள சிலிண்டரில் முள் இறங்கும். கேஸ் குறையவில்லை, குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் முள் எப்போது உண்மை சொல்லும்? கடைசிச் சொட்டுத் திரவமும் ஆவியான பிறகுதான். 14.2 கிலோ சிலிண்டரின் உள்கொள்ளளவு சுமார் 33 லிட்டர். திரவம் தீர்ந்த நிமிடத்தில் அதற்குள் ஆவியாக மட்டும் நிற்பது நம் வெப்பநிலையில் ஏறக்குறைய 400 கிராம். பெரிய பர்னரை முழுத்தீயில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட வரும். எச்சரிக்கை வந்து இரண்டு மணி நேரத்தில் வெள்ளிமலைக்கு சிலிண்டர் வந்துவிடுமா? அளவு பார்ப்பதற்காக மட்டும் இந்த மீட்டரை வாங்குவதானால் வாங்க வேண்டாம். வேறு காரணத்துக்கு வாங்குவதானாலும், சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் எதையும் சேர்க்குமுன் உங்கள் விநியோகஸ்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெந்நீர் சோதனை வேலை செய்யும்

தீ இல்லாத இடத்தில் சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு சொம்பு வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகம் போதும். சிறிது நேரம் விட்டு, ஊற்றிய இடத்தை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். மேலே இளஞ்சூடாக இருக்கும், ஓரிடத்தில் சட்டென்று குளிர்ச்சி தட்டும். அந்தக் கோடுதான் உள்ளே திரவம் நிற்கும் மட்டம். திரவம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆவி அவ்வளவு உறிஞ்சாது.

ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். துடைத்த ஈரம் மேல்பகுதியில் சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் பகுதியில் நின்று காயும். ஆனால் இதற்குக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். தியாகதுருகத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் கோடையில் துணிச் சோதனை நன்றாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மேகம் இறங்கி நிற்கும் நாளில் எல்லாப் பகுதியும் ஈரமாகவே கிடக்கும். அப்போது வெந்நீரே சரி.

இரண்டு சோதனைகளும் கிலோக் கணக்கு சொல்லாது. பாதியா, காலா, அடிமட்டமா என்பதைச் சொல்லும். புக் செய்யலாமா என்று முடிவெடுக்க அது போதும்.

மலைக்காரர்களுக்குச் செலவில்லாத அடையாளம்

ஈரப்பதம் மிகுந்த காலையில் நீண்ட நேரம் அடுப்பு எரிந்த பிறகு சிலிண்டரைக் கவனியுங்கள். கீழ்ப்பகுதியில் மட்டும் பனித்துளிபோல் நீர் கோத்திருக்கும். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது. அந்தக் குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரம் படிகிறது. நீர் கோத்த இடம் எங்கே முடிகிறதோ அதுவரை கேஸ். இதைப் பார்த்து சிலிண்டர் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம். சமவெளியின் வறண்ட வெயிலில் இது அரிதாகவே தெரியும். மலையின் மழைக்காலத்தில் தெளிவாகத் தெரியும்.

தீயின் நிறத்தை நம்பலாமா?

நம்ப வேண்டாம். தீ மஞ்சளாக எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பர்னர் துளைகளில் அடைப்பு, அல்லது காற்று சரியாகக் கலக்காதது. முழு சிலிண்டரிலும் மஞ்சள் வரும். பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள். தீ சின்னதாகிக்கொண்டே போனால்தான் கேஸ் முடியப்போகிறது என்று பொருள். அதற்குள் புக் செய்யும் காலம் கடந்திருக்கும்.

கடைசியில் ஏன் நாற்றம் கூடுகிறது?

சமையல் கேஸுக்கு இயல்பில் சொல்லத்தக்க வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். புரொப்பேன் ஆவியாகும் வேகத்தில் அது ஆவியாகாது. அதனால் திரவம் குறையும்போது மீதியில் அதன் பங்கு கூடுகிறது, கடைசி நாட்களில் நெடி தூக்கலாக வருகிறது. இது கேஸ் முடிவதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் ஒருபோதும் அப்படி முதலில் நினைக்காதீர்கள். நாற்றம் வந்தால் முதல் சந்தேகம் கசிவின் மேல்தான் இருக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், சுவிட்சைப் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், எல்லோரும் வெளியே வாருங்கள். இந்தக் கேஸ் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு பரவும். தரையில் விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகள் இதை இரண்டு மடங்கு கவனத்தோடு நினைவில் வைக்க வேண்டும்.

படுக்க வைத்தால் இன்னும் கொஞ்சம் வருமா?

இந்தப் பழக்கத்தைத்தான் எல்லோரும் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீ தணிந்ததும் சிலிண்டரைச் சாய்ப்பது, தரையில் படுக்க வைப்பது, குலுக்குவது, வெந்நீர் அண்டாவில் நிற்க வைப்பது எல்லாம் பல வீடுகளில் நடக்கிறது. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் வால்வுக்கு ஆவி மட்டுமே போகும். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் சுமார் 250 லிட்டர் ஆவி. ரெகுலேட்டர் வேலை செய்ய வேண்டியது வெறும் 30 மில்லிபார் அளவுக்கு. காற்றழுத்தத்தைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தத்தில் இருப்பதை அது அந்த அளவுக்குக் குறைத்து அடுப்புக்குத் தருகிறது. அதற்குள் திரவம் புகுந்தால் அடுப்பில் தீ எகிறும். இரண்டு தோசைக்காக இந்த ஆபத்தை வாங்காதீர்கள்.

குலுக்கிச் சத்தம் கேட்பதும் பயனில்லாதது. கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் சத்தம் வரும்.

அமெரிக்காவில் எப்படிப் பார்க்கிறார்கள்?

அங்கே கிராமப்புற வீடுகளில் தோட்டத்தில் பெரிய புரொப்பேன் டேங்க் நிற்கும். 500 கேலன், அதாவது ஏறக்குறைய 1,900 லிட்டர் டேங்க் சாதாரணம். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அந்த டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும், மேலே இருக்கும் டயலில் முள் நகரும். எண்கள் சதவீதத்தில் இருக்கும். முழு டேங்க் என்றால் 100 அல்ல, 80தான். சூட்டில் திரவம் விரிய மீதி இடம் வேண்டும். நம் சிலிண்டரும் விளிம்புவரை நிரப்பப்படுவதில்லை, இதே காரணம்தான். நிரப்பும்போது ஒரு சிறிய திருகைத் திறந்து வைப்பார்கள். அதிலிருந்து வெண்ணிற மூடுபனியாகத் திரவம் எட்டிப் பார்த்தால் 80 வந்துவிட்டது என்று பொருள், நிறுத்திவிடுவார்கள்.

டயலோடு ஒரு சிறு கருவியைப் பொருத்தினால், அளவு நேராக கேஸ் கம்பெனிக்கே போய்விடும். 20 அல்லது 30 சதவீதத்துக்கு வந்ததும் லாரி கிளம்பும். டேங்க் வீட்டிலேயே நிலையாக நிற்பதால் இது சாத்தியமாகிறது. இந்த ஒரு வேறுபாடுதான் நம்முடைய தேர்வு முழுவதையும் மாற்றிவிடுகிறது.

சிலிண்டரில் ஒட்டும் கருவியா, வீட்டில் நிற்கும் கருவியா?

நம் சிலிண்டர் நம்முடையது அல்ல. டெபாசிட் கட்டி வாங்குகிறோம், காலியானதும் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறோம். எனவே சிலிண்டரின் மேல் ஒட்டும், மாட்டும் எந்தக் கருவியையும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாற்ற வேண்டும். சூட்டுக்கு நிறம் மாறும் காந்தப்பட்டை அப்படிப்பட்டது. அதற்கும் வெந்நீர் ஊற்றித்தான் ஆக வேண்டும், கைதடவிப் பார்ப்பதை அது கண்ணுக்குக் காட்டுகிறது என்பதோடு சரி. அடிப்பக்கம் பொருத்தும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒலி அலையை அனுப்பி, திரவத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். வெளிநாட்டில் சுற்றுலா வண்டிகளில் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். நம் சிலிண்டர்களில் பூச்சின் மேல் பூச்சு ஏறியிருக்கும், துருவும் ஒட்டியிருக்கும். ஒலி சுத்தமாக உள்ளே போகாத இடத்தில் அது தடுமாறும்.

சிலிண்டருக்கு அடியில் வைக்கும் எடைமேடை வேறு வகை. அது வீட்டுக்குச் சொந்தம். எந்த சிலிண்டர் வந்தாலும் அதன் மேல் ஏறி நிற்கும். உள்ளே இருக்கும் லோட் செல் எடையால் மிக நுண்ணிய அளவு வளையும். அந்த வளைவை மின்தடை மாற்றமாகப் படித்து எண்ணாகக் காட்டும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு புதிய சிலிண்டருக்கும் அதன் டேர் வெயிட்டைக் கருவியில் புதிதாகப் பதிய வேண்டும். பழைய சிலிண்டர் 15.4, புதியது 16.3 என்றால், பதியாமல் விட்ட வீட்டில் கருவி 900 கிராம் கேஸ் கூடுதலாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும். தீரும் நாளில்தான் வீட்டாருக்குத் தெரியும்.

செல்போனுக்குச் செய்தி அனுப்பும் வகைகளும் இருக்கின்றன. கள்ளக்குறிச்சியில், சங்கராபுரத்தில் வாங்கலாம். மலையில் சிக்னல் எட்டாத ஊர்களுக்கு எண் காட்டும் திரையும் பேட்டரியும் உள்ள எளிய எடைமேடையே மேல். பேட்டரி மாற்றுவதை அடுப்பு அணைந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

உள்ளே தெரியும் சிலிண்டர்

2021இல் இந்தியன் ஆயில் நிறுவனம் 5 கிலோ, 10 கிலோ அளவுகளில் கம்போசிட் சிலிண்டரைக் கொண்டுவந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிக் கண்ணாடியிழை, வெளியே மறுபடி பிளாஸ்டிக் கூடு. துருப்பிடிக்காது. இரும்பு சிலிண்டரின் எடையில் ஏறக்குறைய பாதிதான். வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தினால் திரவ மட்டம் நிழலாகத் தெரியும். அளவு பார்க்க வேறெந்தக் கருவியும் வேண்டாம். டெபாசிட் இரும்பு சிலிண்டரைவிட அதிகம், எல்லா விநியோகஸ்தரிடமும் கிடைப்பதில்லை. செங்குத்தான பாதையில் தலையிலும் தோளிலும் சுமந்து போகிற குடும்பங்களுக்குத்தான் இது முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது என் கருத்து. முதலில் போய்ச் சேர்ந்ததோ பெருநகரங்களுக்கு.

சிறிய சிலிண்டர், பெரிய உதவி

5 கிலோ சிலிண்டரைத் தனியாகவும் வாங்கலாம். சந்தையில் விற்கும் 5 கிலோ சிலிண்டருக்கு இந்தியன் ஆயிலின் இண்டேன் 'சோட்டு' என்று பெயர் வைத்திருக்கிறது. அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. கிலோக் கணக்கில் பார்த்தால் விலை கூடுதல்தான். ஆனால் ஒற்றை சிலிண்டர் வீட்டில் இது மூலையில் நின்றால், பெரியது தீரும் நாள் விறகு பொறுக்கும் நாளாக மாறாது. அளவைத் துல்லியமாகக் கண்காணிக்க முடியாத வீட்டுக்கு, உபரி வைத்திருப்பதே சிறந்த கண்காணிப்பு.

தினசரி காலண்டர் போதுமா?

பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டர் தாளில் எழுதி, அந்தத் தாளைக் கிழிக்காமல் சொருகி வையுங்கள். மூன்று சிலிண்டர் தீர்ந்த பிறகு உங்கள் வீட்டுக்குச் சராசரியாக எத்தனை நாள் என்று தெரிந்துவிடும். அதில் முக்கால் பங்கு நாள் கடந்ததும் வெந்நீர் சோதனை ஒன்று செய்து பாருங்கள். பொங்கல், காதுகுத்து, வீட்டில் உறவினர் தங்கிய வாரம், குழந்தைக்குத் தினமும் வெந்நீர் போட்ட மாதம் எல்லாம் கணக்கை உடைக்கும். அவற்றையும் தாளில் குறித்தால் கணக்கு திரும்பச் சரியாகும்.

ஒரு பர்னர் மணிக்கு எவ்வளவு தின்னும் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. இரண்டு கிலோவாட் பர்னர் முழுத்தீயில் மணிக்குச் சுமார் 155 கிராம் எரிக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டு அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். மூடி போடாமல் பருப்பு வேகவைத்தால் அந்தத் திறனும் வீண்.

முதல் இணைப்பு

இண்டேனின் முதல் வீட்டு இணைப்பு 1965 அக்டோபர் 22 அன்று கொல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் தரத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. இணைப்பு கொடுப்பது ஒரு நாள் வேலை. அது தீராமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு மாதமும் வீட்டுப் பெண்களின் தலையில் விழும் வேலை.

மலைக்கு ஏன் தாமதம்?

கல்வராயன்மலை 1976வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அரசு நிர்வாகமே அதன் பிறகுதான் மேலே ஏறியது, சாலையும் அப்படித்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் இருக்கிறது. கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மலைச்சாலை ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் அந்தச் சாலையில் மண் சரிந்தாலும் மரம் விழுந்தாலும் கேஸ் வண்டியும் நிற்கும். எனவே புரட்டாசி முடிவதற்குள் சிலிண்டரை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். சமவெளியில் இரண்டு கிலோ மீதி இருக்கும்போது புக் செய்தால் போதும். மலையில் ஐந்து கிலோ இருக்கும்போதே புக் செய்துவிடுங்கள்.

புகையின் கணக்கு

வீட்டுக்குள் புகையும் எரிபொருளால் 2020இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பக்கவாதம், இதயநோய், நுரையீரல் நோய்கள், குழந்தைகளின் நிமோனியா எல்லாம் இதில் அடக்கம். தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் சுத்தமான எரிபொருளுக்கு மாறிவிட்டன. மாறாத மீதியில் மலைவாழ் வீடுகள் நிறைய. மாறிய வீடுகளும் சிலிண்டர் தீரும் ஒவ்வொரு முறையும் சில நாட்கள் பின்னே போகின்றன. அந்தச் சில நாட்களைக் காப்பாற்றத்தான் இந்த அளவு பார்க்கும் வேலை.

பள்ளிக்கூடத்துச் சமையலறை

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. விடியலிலேயே அடுப்பு மூட்ட வேண்டிய வேலை. மலைப்பள்ளியில் காலை ஆறு மணிக்கு கேஸ் தீர்ந்தால் யாரும் உடனே உதவிக்கு வர முடியாது. மாலையில் பூட்டிவிட்டுக் கிளம்புமுன் ஒரு முறை வெந்நீர் சோதனை செய்து, அளவை நோட்டில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

எடை போட்டுக் கேட்பது உங்கள் உரிமை

சிலிண்டர் கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும். கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும், கசிவும் சோதித்துக் காட்ட வேண்டும். "அண்ணா, எடை போட்டுக் காட்டிட்டுப் போங்க" என்று கேட்பதில் சங்கடப்பட எதுவும் இல்லை. டேர் வெயிட்டோடு 14.2 கூட்டினால் வரும் எண் தராசில் வர வேண்டும். குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். அளவுக் குறைவு குறித்த புகாரை விநியோகஸ்தரிடமும், எண்ணெய் நிறுவனத்திடமும், எடையளவுச் சட்டத்தை அமல்படுத்தும் தொழிலாளர் துறையிடமும் கொடுக்கலாம். நேரில் குடோனுக்குப் போய் எடுத்து வந்தால் டெலிவரிக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. கசிவு என்றால் எந்த நேரமும் அழைக்கலாம்: 1906.

வண்டி ஊருக்குள் வராமல் சாலையோரத்தில் சிலிண்டரை இறக்கிவிட்டுப் போகும் ஊர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இடத்திலேயே, வண்டி கிளம்புமுன், ஒவ்வொரு சிலிண்டரையும் எடை போடச் சொல்லுங்கள். வீட்டுக்குச் சுமந்துவந்த பிறகு குறை தெரிந்தால் திருப்பிக் கொண்டுபோக இன்னொரு மலையேற்றம் வேண்டும். எடை போட்டதும் டேர் வெயிட்டையும் தேதியையும் காலண்டரில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வேலையை அவளிடமே கொடுங்கள்.